ஏழாம் வழக்கின் திருடன்

எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. அச்சு அசலாக ஒன்று என்று சொல்ல முடியாது. இரண்டும் ஒரே மண் நிறம், ஒன்று கொஞ்சம் வெளுத்திருக்கும், மற்றொன்று கொஞ்சம் கறுத்திருக்கும், அவ்வளவுதான். பிறவியிலிருந்தே அப்படி. இதில் அழுவதற்கு ஒன்றும் இல்லை. ஒரே சிக்கல், நான் பிழைப்பது அச்சகத்தில், அதுவும் கலர் பிரிக்கும் மேசையில்.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்த மேசைக்குக் கலர் தெரிய வேண்டிய அவசியம் இல்லை என்பதுதான் உண்மை. ஒரு மைக்கு ஒரு பிளேட், அதை மாட்ட மிஷினில் ஒரு யூனிட். பிளேட்டில் நிறம் கிடையாது. எங்கே மை ஒட்ட வேண்டும், எங்கே ஒட்டக் கூடாது என்பது மட்டும்தான் அதில் இருக்கும். வழக்கமான நான்கு மைகளைக் கலந்து வராத நிறம் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால், அந்த நிறத்தையே டின்னில் கலக்கிக் கொண்டுவந்து தனி பிளேட்டில் ஓட்டுவோம். அதற்கு ஸ்பெஷல் கலர் என்று பெயர். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஸ்பெஷல் கலர் ஒரு பெயர், வேறொன்றும் இல்லை. திரையில் அதை ஊதாவாகக் காட்டினாலும் மஞ்சளாகக் காட்டினாலும் பிளேட் ஒன்றேதான். மிஷின்மேன் பெயரைப் பார்த்துத்தான் மை ஊற்றுவான்.

நான் பெயரை நம்புகிறவன். நிறத்தை நம்புகிறவர்கள் செய்யும் தப்புகளை ஒன்பது வருஷம் உட்கார்ந்து திருத்தியிருக்கிறேன்.

அந்த ஒன்பது வருஷமும் இரவு ஷிஃப்ட். அதற்கு முன்னால் அச்சுத் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வருஷத்தில் ஒரு நாள், வருகிற திங்கட்கிழமை எல்லோருக்கும் நிறப் பார்வைப் பரிசோதனை என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருந்தார்கள். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவன் திரும்பிப் போகவில்லை. வீட்டில் கணக்கு வரவில்லை என்றேன். கணக்கு நன்றாகவே வந்தது.

இரவு ஷிஃப்டில் யாரும் வந்து "இந்தச் சிவப்பு சரியா?" என்று கேட்பதில்லை. அதனால் அது எனக்குத் தோதாக இருந்தது. ஆனால் மகளுக்கு ஆறு வயது ஆனபோது பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் வரையச் சொன்னார்கள். அவள் வரைந்ததில் அம்மா நிற்கிறாள், மாமா பைக்கில் இருக்கிறான், நான் போர்வைக்குள் இருக்கிறேன். காலடியில் "அப்பா" என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்தாள். பகல் மேசைப் பொறுப்பாளர் வேலையை விட்டுப் போனதும் நானே போய்க் கேட்டேன். முதலாளியம்மா உடனே கொடுத்தாள். மூன்று மாதமாகப் பகல்.

பகல் வேலையில் ஒரு வம்பு இருந்தது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் முதல் ஃபாரம், அதாவது ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கம், மிஷினில் ஏறியதும் நிறம் சரி என்று பொறுப்பாளர் பார்த்து ஜாப் கார்டில் கையெழுத்துப் போட வேண்டும். மற்ற ஃபாரங்கள் மிஷின்மேன் பொறுப்பு. நான், நிறத்தை எண்ணாகக் காட்டும் அளவுக் கருவியை வைத்து எண்களைப் பார்ப்பேன். எண்கள் சரியாக இருந்தால் மிஷின்மேனைப் பார்ப்பேன். அவன் கண்ணை ஒரு தரம் மூடித் திறப்பான். கையெழுத்துப் போடுவேன்.

மிஷின்மேன் என் மச்சான். மனைவியின் தம்பி. எங்கள் வீட்டு முன்னறையில் அவனுக்குக் குட்டையான ஒரு சோபாவில் கால் வெளியே நீட்டிக்கொண்டு தூங்குகிறான். அச்சகத்தில் என் விஷயம் தெரிந்த ஒரே ஆள்.

"சொல்லித் தொலைங்களேன்," என்பாள் மனைவி, காலையில் எனக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தபடி. "கொலையா பண்ணீங்க?"

"சொன்னா பகல்ல எதுக்கு உக்கார வைப்பாங்க?"

"மறைச்சு வச்சா மட்டும் எத்தனை நாளைக்கு? அவன் ஒரு நாள் லீவு போட்டா அன்னைக்கு யாரு கண்ணு சிமிட்டுவா?"

"அவன் லீவு போட மாட்டான்."

"அந்தத் தைரியந்தான். இந்தாங்க, இது நீலம். நீலம் தெரியும்ல?"

"நீலம் தெரியும்டி."

"அப்பாடா."

அந்த வாரம் வந்தது சிறுவர்களுக்கான ஒரு புத்தகம். பன்னிரண்டு திருட்டு வழக்குகள். ஒவ்வொரு வழக்கும் எட்டுப் பக்கம். கடைசிப் பக்கத்தில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் திருடன் யார் என்கிற விடை வெளிர் பச்சை எழுத்தில் இருக்கும், அதன் மேல் சிவப்பில் கன்னாபின்னாவென்று கிறுக்கல் இருக்கும். வெறும் கண்ணால் பார்த்தால் கிறுக்கல்தான் தெரியும். புத்தகத்தோடு ஒரு சிவப்புக் கண்ணாடித் தாள் தருவார்கள். அதைப் பெட்டி மேல் வைத்தால் சிவப்புக் கிறுக்கல் மறைந்துவிடும், பச்சை எழுத்து கறுப்பாக மேலே வரும். இவ்வளவுதான் சூட்சுமம். படங்கள் எல்லாம் கறுப்புக் கோடு. தலைப்புப் பட்டையிலும் விடைப் பெட்டியிலும் மட்டும் இரண்டு ஸ்பெஷல் கலர். பதிப்பாளர் கொடுத்த தாளில் தெளிவாக எழுதியிருந்தது: ஸ்பெஷல் 1 சிவப்பு, ஸ்பெஷல் 2 பச்சை. ஆக மொத்தம் மூன்று மை, மூன்று பிளேட்.

முதல் ஆறு வழக்குகளை ஓர் ஓவியர் செய்திருந்தார், அடுத்த ஆறை இன்னொருவர். முதல் ஓவியரின் ஃபைலைத் திறந்தால் பதினொரு ஸ்பெஷல் கலர் இருந்தது. சிவப்பு. சிவப்பு புதுசு. சிவப்பு புதுசு காப்பி. நல்ல பச்சை. பச்சை கடைசி. பச்சை கடைசியிலும் கடைசி. மனிதர் ஒவ்வொரு நாளும் ஒரு புதுப் பெயர் வைத்திருக்கிறார். அவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே சிவப்பு, ஒரே பச்சை. கம்ப்யூட்டர் கண்ணுக்குப் பதினொரு மை, பதினொரு பிளேட். அப்படியே மிஷினுக்கு அனுப்பினால் மச்சான் வீட்டுக்கு வந்து என் சோற்றில் மண்ணைப் போடுவான்.

ஒவ்வொன்றாகத் திறந்து, எதை எதோடு சேர்க்க வேண்டும் என்று எண்களைப் படித்துச் சேர்த்தேன். பதினொன்று இரண்டாயிற்று. பிறகு வழக்கம்போல் பச்சை பிளேட்டை மட்டும் திரையில் நிறுத்திப் பார்த்தேன். கிறுக்கல் போய், விடை மட்டும் சாம்பல் எழுத்தில் நின்றது. ஆறு வழக்குகளின் திருடர்களும் எனக்குக் கண்ணாடித் தாள் இல்லாமலே அகப்பட்டார்கள்.

இரண்டாம் ஓவியரின் ஃபைல் சுத்தமாக இருந்தது. ஸ்பெஷல் 1, ஸ்பெஷல் 2, கறுப்பு. வேறு எதுவும் இல்லை. சுத்தமான ஃபைலைக் கண்டால் எனக்கு அந்த ஆள் மேல் மரியாதை வந்துவிடும். இரண்டு பாதிகளையும் இணைத்தபோது திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்து கேட்டது: இதே பெயரில் வேறு நிறம் இருக்கிறது, எதை வைத்துக்கொள்ள? பக்கத்தில் இரண்டு சதுரங்களைக் காட்டியது. எனக்கு இரண்டும் மண். கீழே எண்கள் இருந்தன. படிக்கவில்லை. இருப்பதையே வை என்று தட்டினேன். பெயர் சரியாக இருக்கிறது, மூன்று பிளேட் சரியாக இருக்கிறது, வேறென்ன வேண்டும்? பிளேட் போடச் சொல்லிவிட்டு எழுந்தேன்.

முதல் மூன்று ஃபாரங்கள் புதன்கிழமை ஓடின. கையெழுத்து, கண் சிமிட்டல், எல்லாம் முறையாக நடந்தது. மடித்து அடுக்கும் பிரிவில் பதினெட்டு வருஷமாக இருக்கும் ஒரு பெண்மணியை எல்லோரும் மடிப்பு அக்கா என்போம். அவர் வழக்கை முழுசாகப் படித்து, யார் திருடன் என்று சத்தமாகத் தீர்ப்புச் சொல்லி, பிறகுதான் கண்ணாடித் தாளை எடுப்பார். ஆறில் நான்கு சரியாகச் சொல்லியிருந்தார்.

"உனக்கு எல்லாம் முன்னாடியே தெரியும்ல தம்பி?" என்றார்.

"பிளேட்லயே படிச்சுட்டேன்க்கா."

"பன்னெண்டும்?"

"பன்னெண்டும்."

அது பொய். ஆறுதான் படித்திருந்தேன். சொல்லும்போது அது பொய் என்றே எனக்குத் தோன்றவில்லை.

"சொல்லிடாதே. ஏழாவதுல கடிகாரம் காணாமப் போகுதாம். தோட்டக்காரன்தான். எழுதி வச்சுக்கோ."

"பாக்கலாம்."

வியாழக்கிழமை காலை நான்காம் ஃபாரம் ஏறியது. ஏழாம் வழக்கு, எட்டாம் வழக்கு. நான் என் மேசையில் வேறொரு கேலண்டர் வேலையில் இருந்தேன். பதினொரு மணிக்கு மிஷின் நின்றது. மிஷின் நிற்கிற சத்தம் எனக்குத் தெரியும். வேலை முடிந்து நிற்பது வேறு, யாரோ கத்தி நிற்பது வேறு. இது இரண்டாவது வகை.

போய்ப் பார்த்தால், மடிப்பு அக்கா ஒரு கையில் தாளும் ஒரு கையில் கண்ணாடித் தாளுமாக நிற்கிறார். எதிரே ஃபோர்மேன். சட்டைப் பையில் எப்போதும் ஆறு அங்குல இரும்பு ஸ்கேல் வைத்திருப்பார் என்பதால் அவர் பெயர் ஸ்கேல். ஒருவரைத் திட்டும்போது அதை எடுத்து உள்ளங்கையில் தட்டிக்கொள்வார். இப்போது தட்டிக்கொண்டிருந்தார்.

"விடை வரல," என்றார் அக்கா என்னைப் பார்த்து. "கிறுக்கல்தான் கறுப்பா வருது. எழுத்து காணாமப் போயிடுது. தலைகீழா இருக்கு தம்பி."

தாளை வாங்கிக் கண்ணாடித் தாளை வைத்துப் பார்த்தேன். வெளிச்சமும் இருட்டும் எனக்கும் தெரியும். கறுப்பு முள்வேலி ஒன்று தெரிந்தது. அதன் பின்னால் ஒன்றும் இல்லை.

"சிவப்பு ஓட வேண்டிய யூனிட்ல பச்சைய ஊத்தியிருக்கான்," என்றார் ஸ்கேல். இரும்பு ஸ்கேல் உள்ளங்கையில் விழுந்தது. "பச்சை யூனிட்ல சிவப்பு. நேத்து சாயந்தரம் கழுவிட்டு, இன்னைக்குக் காலைல தூக்கத்துல மாத்தி ஊத்திட்டான். ஆயிரத்து இருநூறு தாள் போச்சு. போன வருஷம் ஒரு தடவை இதே மாதிரி பண்ணான், மறந்துட்டீங்களா?"

போன வருஷம் அவன் செய்தது உண்மை. அந்தத் தடவை முதலாளியம்மா சொன்னது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது: இன்னொரு தரம் மை மாறினால் சம்பளக் கவரோடு வீட்டுக்குப் போகலாம்.

"நான் கழுவவே இல்லண்ணே," என்றான் மச்சான். மூஞ்சியெல்லாம் மை. "காயாம இருக்க ரோலர்ல ஸ்பிரே அடிச்சு விட்டுட்டுப் போனேன். நேத்து இருந்த மைதான் அப்படியே இருக்கு. தலைப்புப் பட்டை பச்சையா வந்துச்சு, சரி, ரெண்டாவது பாதி வேற ஆர்ட்டிஸ்ட், அவரு டேஸ்ட்டுன்னு நெனச்சேன். புரூஃப் கேட்டேன், நீங்கதான் தரேன் தரேன்னு..."

அங்கே நிறுத்தினான். பேசிக்கொண்டிருந்தவன் யோசிக்க ஆரம்பித்தது அவன் முகத்திலேயே தெரிந்தது. மை மாறவில்லை என்றால் வேறு என்ன மாறியிருக்கும் என்று கணக்குப் போட்டான். மை இல்லை என்றால் பிளேட். பிளேட் என்றால் நான். என்னைப் பார்த்தான். அரை நொடிதான்.

"கழுவினேனோ என்னவோ," என்றான். "நேத்து தலைவலி வேற. கழுவியிருப்பேன் போல."

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்றார் ஸ்கேல். "ரெண்டு யூனிட்டையும் கழுவு. மைய மாத்தி ஊத்து. நான் போய் அம்மாகிட்டச் சொல்றேன்."

எனக்கு எல்லாம் ஒரே அடியாகப் புரிந்தது. அந்தச் சின்னக் கட்டம். இரண்டு சதுரம். இரண்டாம் ஓவியர் ஸ்பெஷல் 1 என்று பச்சைக்குப் பெயர் வைத்திருக்கிறார், ஸ்பெஷல் 2 என்று சிவப்புக்கு. ஒரே பெயர், எதிர் எதிர் மை. பதிப்பாளர் ஒப்புதல் தந்த புரூஃப், அதாவது மாதிரித் தாள், நான் இணைப்பதற்கு முன்னால் அவரவர் ஃபைலிலிருந்து தனித்தனியாக எடுத்தது. அதில் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். இணைத்த பிறகு என் திரையில் ஏழாம் வழக்கிலிருந்து எல்லாம் தலைகீழாக நின்றிருக்கும். கண் உள்ள எவனும் நாற்காலியை விட்டு எழுந்திருப்பான். நான் டீ குடிக்க எழுந்தேன்.

இன்னொன்றும் புரிந்தது. ஸ்கேல் சொன்னபடி மையை மாற்றி ஊற்றினால் எல்லாம் சரியாகிவிடும். மீதி மூன்று ஃபாரமும் சரியாக வரும். யாரும் என் மேசைப் பக்கம் திரும்ப மாட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மச்சான் வேலை போகும், அவன் வேறு பிரஸ்ஸில் சேர்ந்துவிடுவான், கெட்டிக்காரன். அவன் அக்காவுக்காக இதைச் செய்கிறான், எனக்காக இல்லை. இதையெல்லாம் நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் அது இரண்டாவது பொய்.

மச்சான் துணியையும் கழுவும் டின்னையும் எடுத்தான்.

"கழுவாதே," என்றேன்.

"மாமா, சும்மா இருங்க."

"மை சரியா இருக்கு. கழுவாதே. ரெண்டாவது யூனிட் பிளேட்டையும் மூணாவது யூனிட் பிளேட்டையும் கழட்டி இடம் மாத்தி மாட்டு. கால் மணி நேர வேலை."

ஸ்கேல் வாசலில் நின்று திரும்பினார். "என்ன பேசுறீங்க? பிளேட்ல ஸ்பெஷல் 1னு எழுதியிருக்கு. சிவப்பு யூனிட்லதான் இருக்கு. அதப்போய் பச்சைல மாட்டச் சொல்றீங்க? இது பிரஸ்ஸா, உங்க வீட்டு விசேஷமா? மாமன் சொல்ல, மச்சான் கேக்க?"

பதில் சொல்வதைவிடக் காட்டுவது சுலபம். அடுக்கிலிருந்து புதன்கிழமை ஓடிய முதல் ஃபாரத்தில் ஒரு தாளை எடுத்தேன். இன்றைய தாளைப் பக்கத்தில் வைத்தேன். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும், வெட்டி எறியப்படும் பகுதியில், ஒவ்வொரு மைக்கும் ஒரு சின்னச் சதுரம் அச்சாகும். பக்கத்தில் மையின் பெயர் இருக்கும். அந்தச் சதுரங்களை நான்தான் பிளேட்டில் வைப்பேன், எந்த ஓவியரும் தொடுவதில்லை. நேற்றைய ஸ்பெஷல் 1 சதுரமும் இன்றைய ஸ்பெஷல் 1 சதுரமும் ஒரே நிறமாக இருந்தால் மை மாறவில்லை.

நல்ல சாட்சி. ஒரே குறை, சாட்சியை என்னால் படிக்க முடியாது.

அளவுக் கருவி என் மேசையில் இருந்தது. நாலு எட்டுதான். போய் எடுத்து வந்து எண்ணைப் படித்துச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. போதும் என்று இருந்தது.

அதற்குள் முதலாளியம்மாவே வந்துவிட்டாள். மிஷின் நின்றால் அவளுக்கும் கேட்கும். சாவிக் கொத்தை மேசை மேல் வைத்தாள். கோபம் என்றால் முதலில் சாவி கீழே வரும், பிறகுதான் வாய் திறக்கும்.

"அக்கா," என்றேன் மடிப்பு அக்காவிடம். "இந்தச் சதுரம் என்ன கலர்?"

"இதா? சிவப்பு."

"இது?"

"இதுவும் சிவப்பு. அதே சிவப்பு." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் தம்பி, உனக்கு என்ன? தெரியலையா?"

"தெரியாதுக்கா. எனக்குச் சிவப்பு, பச்சை தெரியாது. பொறந்ததுல இருந்து."

மச்சான் துணியைத் தரையில் போட்டான்.

"மை மாறல," என்றேன் முதலாளியம்மாவிடம். "நேத்தும் சிவப்பு, இன்னைக்கும் சிவப்பு. ரெண்டாவது ஆர்ட்டிஸ்ட் பேரை மாத்தி வச்சிருக்கார். நான் சேர்க்கும்போது கம்ப்யூட்டர் கேட்டுச்சு. ரெண்டு கலரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டிச்சு. எனக்கு வித்தியாசம் தெரியல. எண்ணைப் படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும், படிக்கல. ஆயிரத்து இருநூறு தாளும் என்னாலதான். இவன் தலைவலியில எதையும் கழுவல. இவனுக்குத் தலைவலியே கிடையாது, தலையில ஏதாவது இருந்தால்ல?"

"மாமா!" என்றான் மச்சான்.

முதலாளியம்மா சாவிக் கொத்திலிருந்த கயிற்றைத் தூக்கிக் காட்டினாள். "இது என்ன கலர்?"

"இதுக்குத்தான் நான் யார்கிட்டயும் சொல்றதில்ல. சொன்ன உடனே எல்லாரும் எதையாவது தூக்கிக் காட்டுவாங்க."

"சும்மா சொல்லுங்க."

"மண்ணு."

"பச்சை," என்றாள். அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்திருக்க வேண்டும், கயிற்றை உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டாள். "ஒம்பது வருஷம்! ஒம்பது வருஷம் கலர் தெரியாத ஆளை வச்சு நான் கலர் பிரஸ் நடத்தியிருக்கேன்."

"ஒம்பது வருஷத்துல எத்தனை பிளேட் திரும்பி வந்துச்சும்மா?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே எண்ணிப் பார்த்தாள். "ரெண்டு."

"ரெண்டும் ஃபைல்ல எழுத்துப்பிழை. கலருக்காக எதுவும் வரல. இதுதான் முதல்."

ஸ்கேல் குறுக்கே வந்தார். "அம்மா, கலர் பாத்துக் கையெழுத்துப் போடுறதே இவருதான். மூணு மாசமா எப்படிப் போட்டாரு?"

"எண் பாத்தேன். அப்புறம் இவனைப் பாத்தேன்." மச்சானைக் காட்டினேன். "இவன் கண்ணு நல்லாருக்கு. நான் போட்டது எதுவும் தப்பாப் போகல. ஆனா அது என் கையெழுத்து இல்ல, இவனோடது. அது தப்பு. இனிமே போட மாட்டேன்."

"அப்ப ராத்திரி ஷிஃப்டுக்கே போயிடுறீங்களா?" என்றாள் முதலாளியம்மா. கேட்ட விதத்தில் கோபம் இல்லை. வழி இருக்கிறது என்று காட்டுகிற மாதிரி கேட்டாள். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"போக மாட்டேன்."

"போக மாட்டேன்னா?"

"பிளேட்டுக்கு நான் பொறுப்பு. அதுல என்னைவிட நல்ல ஆள் உங்களுக்குக் கிடைக்காது, கிடைச்சா சொல்லுங்க, நானே எந்திரிச்சு நாற்காலி தரேன். நிறத்துக்குக் கண்ணு வேணும். அது என்கிட்ட இல்ல. அக்காகிட்ட இருக்கு. இங்க அத்தனை பேரு அத்தனை தாளைப் பாத்தாங்க, கண்டுபிடிச்சது அவங்கதான். ஜாப் கார்டுல ரெண்டு கையெழுத்துக்கு இடம் போடுங்க. பிளேட்டுக்கு நான், நிறத்துக்கு அக்கா. முதல் ஃபாரத்துக்கு மட்டும் இல்ல, ஒவ்வொரு ஃபாரத்துக்கும். ஒவ்வொரு ஃபாரத்துக்கும் போட்டிருந்தா ஆயிரத்து இருநூறு தாள் போயிருக்காது, அம்பது தாள்ல நின்னிருக்கும்."

"நான் திருடனைத் தேடினேம்பா," என்றார் மடிப்பு அக்கா. "கலரையா தேடினேன்?"

"அதான்க்கா வேணும்."

முதலாளியம்மா ஸ்கேல் பக்கம் திரும்பினாள். "நாலாவது ஃபாரம் புரூஃப் எங்க?"

"அது... உங்க டேபிள்லதான்மா."

"என் டேபிள்ல எதுக்கு இருக்கு? மிஷின்லல்ல தொங்கணும்? இந்தப் பையன் கேட்டானாமே?"

ஸ்கேல் கையிலிருந்த ஸ்கேலைப் பார்த்தார். அதற்கு உடனடியாக ஒரு வேலை தேவைப்பட்டது. பக்கத்திலிருந்த தாள் அடுக்கின் உயரத்தை அளந்தார்.

"பிளேட்டை மாத்து," என்றாள் முதலாளியம்மா மச்சானிடம். பிறகு என்னிடம், "இந்த புக் இப்படியே முடியட்டும். ரெண்டு கையெழுத்து. ஆனா இன்னொரு தடவை ஒரே பேர்ல ரெண்டு கலர் வந்துச்சுன்னா, நைட் ஷிஃப்ட் இல்ல, கேட்டுக்கு வெளிய."

"வராது."

"அவ்வளவு நிச்சயமா எப்படிச் சொல்றீங்க?"

"இனிமே பேரை மட்டும் நம்ப மாட்டேன். எண்ணையும் படிப்பேன். கடைசி பிளேட் வரைக்கும் படிப்பேன். இந்த புக்ல படிச்சது பாதிதான்."

சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சாவி மேசையிலிருந்து எழுந்தால் விஷயம் முடிந்தது என்று அர்த்தம்.

மச்சான் பிளேட்டைக் கழற்றினான். நான் பக்கத்தில் போய் ஒரு முனையைப் பிடித்தேன்.

"நான் வாங்கிக்கிட்டிருப்பேன் மாமா," என்றான் குனிந்தபடியே. "எனக்குத் திட்டு பழக்கம்."

"வேலை போயிருக்கும்டா."

"அடுத்த தெருவுல பிரஸ் இருக்கு."

"இருக்கு. ராத்திரி வீட்டுக்குப் போனதும் உங்க அக்கா கேப்பாள்ல, ஏன்டா வேலை போச்சுன்னு? உனக்குப் பொய் சொல்ல வருமா? மூணாவது நிமிஷம் கக்கியிருப்ப. அப்புறம் அவ என்னை ரெண்டு யூனிட்லயும் போட்டுக் கழுவியிருப்பா."

சிரித்தான். "தலையில ஒண்ணும் இல்லேன்னீங்களே."

"இருந்தா கழுவினேன்னு சொல்லியிருப்பியா?"

பிளேட் ஏறியது. இருபது தாள் ஓட்டி நிறுத்தினான். கம்ப்யூட்டரில் ஸ்பெஷல் 1, ஸ்பெஷல் 2 என்ற பெயர்களை நான் அதற்குள் அழித்துவிட்டு, சிவப்பு, பச்சை என்று எழுதியிருந்தேன். இரண்டாம் பாதியில் எதற்கு எது என்று எண்களைப் பார்த்து ஒவ்வொன்றாக மாற்றினேன். ஐந்தாம் ஃபாரத்துக்கும் ஆறாம் ஃபாரத்துக்கும் புதுப் பெயரில் புது பிளேட் போட்டேன். இருக்கிற பிளேட்டையே இடம் மாற்றி மாட்டினாலும் ஓடும். ஆனால் பெயர் ஒன்று, மை வேறொன்று என்று ஒரு பிளேட் என் கையிலிருந்து மிஷினுக்குப் போவதை இனி நான் விரும்பவில்லை.

மடிப்பு அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். புரூஃபைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தலைப்புப் பட்டையைப் பார்த்தார். பதினெட்டு வருஷத்தில் அவரை யாரும் எதிலும் கையெழுத்துப் போடச் சொன்னதில்லை என்பது பேனாவைப் பிடித்த விதத்தில் தெரிந்தது. முழுப் பெயரையும், அப்பா பெயரையும் சேர்த்து, நிறுத்தி நிதானமாக எழுதினார். கட்டத்துக்கு வெளியே வந்துவிட்டது.

"சரி, இப்ப நம்ம தோட்டக்காரனைப் புடிப்போம்," என்று கண்ணாடித் தாளை எடுத்துப் பெட்டி மேல் வைத்தார். நானும் எட்டிப் பார்த்தேன். கிறுக்கல் போய்விட்டது. எழுத்து தெளிவாக, கறுப்பாக, ஓரம் பிசிறாமல் நின்றது.

திருடன் யாரும் இல்லை. கடிகாரத்தைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு மறந்துபோனவர் வீட்டுக்காரரே.

"இது என்னப்பா ஏமாத்து வேலை!" என்றார் அக்கா. "திருடனே இல்லையாம்! எட்டுப் பக்கம் படிக்க வச்சுட்டு... நீயாவது நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? உனக்குத் தெரியும்தானே?"

"தெரியாதுக்கா," என்றேன். "இப்பத்தான் தெரியும்."

என் கையெழுத்தைப் போட்டுவிட்டு, எட்டாவது வழக்கிலிருந்து படிக்க என் மேசைக்குப் போனேன். பின்னால் மிஷின் ஓட ஆரம்பித்தது.